சிவப்புப் பேனாவைக் கீழே வையுங்கள், டீச்சர்

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். எங்கள் ரப்பர் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி ஏழு கட்டுரைகள் தொடங்கி வைத்திருக்கிறேன், ஒன்றும் முடிந்தபாடில்லை. திருத்தத் திருத்தப் பிழை வந்துகொண்டே இருக்கிறது. போன மாதம் எப்படியோ ஒன்றை முடித்து அனுப்பினால், பதினொரு பக்கத்தை நாலாகக் குறைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ஒரு கட்டுரை எப்போதுதான் முடியும்?
(பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: கோபம் புரிகிறது டீச்சர். ஆனால் அந்தப் பதினொரு பக்கத்தில் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை, சிக்கலே அதுதான். முதல் பத்தியில் வெள்ளை மை பூசிப் பூசித் தாளே தடித்துப் போயிருந்தது. உங்கள் அம்மா ரப்பர் பாலுக்காகப் பால்மரம் சீவியவர், அவருக்குத் தெரியும்: பட்டையை மெல்லிசாகத்தான் எடுக்க வேண்டும், கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் காயம் ஆறி முண்டு விழும், அப்புறம் அந்த இடத்தில் கத்தி ஓடாது. உங்கள் முதல் பத்திக்கு ஆனது அதுதான்.

முதல் மூன்று பக்கத்தில் என்ன இருந்தது? 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்டது, கங்காணிகள் ஆள் சேர்த்தது, 1948-இல் நம்ம ஊர்ப் பக்கம் மூன்று துரைமார்களை, அதாவது வெள்ளைக்காரத் தோட்ட மேலாளர்களை, சுட்டதும் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது, பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல், அதற்குப் பதிலடியாகத் தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க அமைச்சர் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. எல்லாம் நடந்ததுதான். (சங்கம் 1957 இல்லை டீச்சர், 1960. அதை அப்படியே போட்டிருந்தால், சம்பந்தன் பிறந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதுகூடத் தெரியாதா என்று நாலு பெரியவர்கள் போன் போட்டு என்னைத் துவைத்திருப்பார்கள்.) ஆனால் இதையெல்லாம் எழுத நீங்கள் வேண்டாம், யாரும் எழுதுவார்கள்.

நாலாம் பக்கத்தில்தான் அம்மா வருகிறார். பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து இருட்டிலேயே தன் நிரைக்கு, மர வரிசைக்கு, போகிறார், வெட்டுவதற்கு முன்னால் கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து இடுப்புப் பையில் போட்டுக்கொள்கிறார், பாதி மரம் சீவி முடிப்பதற்குள் மழை பிடித்துவிடுகிறது. பட்டை நனைந்தால் பால் கோட்டில் நிற்குமா, மரமெல்லாம் வழிந்துவிடும், பால் பிடிக்கும் மங்கில் இருப்பதும் தண்ணீரோடு போய்விடும். தோட்டத்துக் கணக்கரான கிராணி அரை நாள் சம்பளம்தான் போடுகிறார். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் வாளியைக் கவிழ்த்துவிட்டு நடக்கிறார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அதை ஆறே வரியில் முடித்துவிட்டு, 'இன்றைய இளைய சமுதாயம் இத்தியாகத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்' என்று மேடை ஏறிவிட்டீர்களே!

மார்க்கெட் பக்கத்து ஒட்டுக்கடையில் தே குடித்துக்கொண்டே இதை ஒருவரிடம் சொல்வதாக இருந்தால் 1877-இல் தொடங்குவீர்களா? மழையில்தான் தொடங்குவீர்கள். அங்கேயே தொடங்குங்கள். எதைப் பற்றிய கட்டுரை என்று முடிவு செய்யாமல் சந்தி பார்க்க உட்கார்ந்தால், இடிக்கப் போகிற லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) சுண்ணாம்பு அடிக்கிற கதைதான். முதலில் வேண்டாததைப் பக்கம் பக்கமாக எடுங்கள், அப்புறம் பத்தி, வருடமும் பெயரும் சரிபார்ப்பது அதற்கும் பிறகு, ஒற்றும் காற்புள்ளியும் கடைசி நாள் வேலை. எடுத்ததைக் கிழித்துப் போட வேண்டாம், வேறு நோட்டில் வையுங்கள். அவசரகாலத்தில் உங்கள் லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்ட பத்தி தனிக் கட்டுரையாகவே நிற்கும்.

ஒரு முறையாவது வாய்விட்டுப் படியுங்கள், எதிரில் ஒருவரை உட்காரவைத்து. அவர் கை எந்த இடத்தில் போனைத் தேடுகிறதோ அங்கே வெட்டுங்கள். 'கிராணியால் அரை நாள் சம்பளம் பதிவு செய்யப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது' என்று எழுதியிருக்கிறீர்கள். கிராணி அரை நாள் போட்டார், அவ்வளவுதானே? குறிப்பிடத்தக்கது என்றால் அதுதான் குறிப்பிட்டாகிவிட்டதே, அப்புறம் என்ன! 'மற்றும்' மட்டும் இருபத்து மூன்று இடத்தில், எண்ணினேன்.

எப்போது முடியும் என்று கேட்டீர்கள். நேற்று அடித்த சொல்லை இன்று திரும்ப எழுதினால், நாளைக்கு மறுபடி அடிப்பீர்கள். அன்றைக்கே உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். மிச்சம் இருக்கிற பிழையைப் பார்க்கத்தானே நான் இருக்கிறேன், எனக்கும் சம்பளம் வேண்டாமா.

ஒன்று மட்டும் விட்டுவிட்டீர்கள். அன்றைக்கு இடுப்புப் பையில் இருந்த ஒட்டுப்பால் என்ன ஆனது? எடைக்குப் போட்டாரா, கோபத்தில் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாரா? அம்மா இன்னும் உங்களோடுதான் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள், கேட்டு எழுதுங்கள். நாலு பக்கம், இருபதாம் தேதிக்குள். தலைப்பு 'எங்கள் தோட்டம்' வேண்டாம், அந்தத் தலைப்பில் என் மேசையில் இன்னும் மூன்று கிடக்கின்றன.