செகிரோ வீடியோ கேம்ல ஜெனிசிரோங்கிற பாஸ் வில்லனத் தாண்ட முடியலன்னு கேட்டவருக்கு

உருண்டு ஓடுறத நிப்பாட்டுங்க பங்காளி. எல்டன் ரிங் கேம முடிச்சிட்டு வந்தேன்னு சொல்றீங்கள்ல, அந்தப் பழக்கமாத்தான் இருக்கும், அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுனா அவன் போஸ்ச்சர் பார் (அடிக்க அடிக்க ஏறி, நிரம்புனா அவன் நிலைகுலையுற கோடு) அதுபாட்டுக்கு இறங்கிரும், ஒட்டி நின்னு சிலம்பம் மாதிரி அடிக்கு அடி தட்டணும்.

கேம்ல வர்ற பாழடைஞ்ச கோயில்ல, பயிற்சி குடுக்குற ஹான்பெய்கிட்ட டிஃப்ளெக்ட் (அடி விழுற நேரத்துல வாளால தட்டி விடுறது) பழகிப் பாருங்க. அங்கயும் டைமிங் தப்புனா டிவில படம் லேட்டா வராம இருக்க வைக்கிற கேம் மோட் ஆன்ல இருக்கான்னு பாருங்க.

கடைசி ரவுண்டுல மின்னல் விட்டா குதிச்சு காத்துலயே வாங்கி, கால் தரைல படுறதுக்குள்ள அட்டாக் அமுக்குங்க, அவனுக்கே திரும்பிரும்.

ஆனா ஒண்ணு, எல்டன் ரிங் மாதிரி லெவல் ஏத்திட்டு வந்து அடிக்கிற கதை இங்க நடக்காது. என்னக் கேட்டா 2019ல வந்த செகிரோதான் ஒசத்தி, எல்டன் ரிங்ல மேப்தான் பெருசு, ஒரே பாஸ திரும்பத் திரும்ப வைப்பாங்க. இதச் சொன்னா எங்க மதுரை அண்ணாநகர் செட்டு சண்டைக்கு வருவாய்ங்க.