ஜப்பானின் ரியாகுனின் காலம் ஏன் இரண்டரை மாதத்தில் முடிந்தது?

ரியாகுனின் என்பது ஆண்டுகளை எண்ண ஜப்பானிய அரசவை சூட்டிய பெயர்களில் ஒன்று. வானில் கண்ட அபசகுனத்துக்குப் பரிகாரமாக 1238 இறுதியில் வந்தது, 1239 மார்ச்சில் போய்விட்டது. உச்சரிப்புதான் வினை: அதே ஒலிக்கு 'ஆட்கள் மறைவது' என்றும் பொருள் கொள்ளலாம் என்று பேச்சுக் கிளம்பியது. ராசியில்லாத கடைக்குப் பெயர்ப்பலகை மாற்றுவதுபோல 'எனோ' என்று மாற்றினார்கள்.

இடையில் சந்திரப் புத்தாண்டு வந்துவிட்டதால், இந்தக் குட்டிக் காலத்துக்கும் ஆண்டு 1, ஆண்டு 2 என இரண்டு உண்டு! ஆண்டு 1 என்பது முந்தைய காலப்பெயரான கதேய்யின் 4-ஆம் ஆண்டின் கடைசி வாரங்கள். ஆண்டு 2 அப்படியே எனோ 1 ஆகிறது. இரண்டையும் தனித்தனி ஆண்டாகக் கூட்டினால் கணக்கு பிசகும்.

பெயர் மாறினால் பேரரசர் மாறிவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்போதும் அரியணையில் இருந்தவர் சிறுவர் ஷிஜோதான், ஒரு பேரரசருக்கு ஒரே பெயர் என்ற விதி 1868-இல்தான் வந்தது.