உளுவையும் இறாலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பவளத்திட்டுகள் பற்றிய கட்டுரையில், ஒரே வளையில் குடியிருக்கும் உளுவை மீனையும் இறாலையும் ‘நண்பர்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை. இறால் பாடுபட்டுத் தோண்டுகிறது, மீன் வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஆபத்து வந்தால் மீன் தன் உயிருக்குப் பயந்து ஓடுகிறது, அதைப் பார்த்து இறாலும் ஓடுகிறது. இதில் நட்பு எங்கே வந்தது?

முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

‘நண்பர்கள்’ என்ற சொல்லுக்காக மல்லுக்கட்டப் போவதில்லை. ஆனால் மீன் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

‘அதைப் பார்த்து’ என்கிறீர்கள். ஆல்ஃபியஸ் வகையைச் சேர்ந்த இந்த இறால்களுக்குப் பார்வை ரொம்ப மோசம். மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது ஒரு மீசையை மீனின் உடம்பில் வைத்துக்கொண்டேதான் வரும். கொடுக்கால் புல்டோசர் மாதிரி மணலைத் தள்ளிக் கொட்டும், திரும்பும், மறுபடி உள்ளே போகும். பகலெல்லாம் இதே வேலை. நிறுத்தினால் மணல் சரிந்து வளை தூர்ந்துவிடும்.

இரைதேடும் பெரிய மீன் ஏதாவது கண்ணில் பட்டால் உளுவை வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டும். மீசை வழியே அது தெரிந்ததும் இறால் உள்ளே போய்விடும். உளுவையோ வாசலை விட்டு நகராது. வந்தவன் நிஜமாகவே நெருங்கினால்தான் தலைகுப்புற வளைக்குள் பாயும். ஆக, எச்சரிக்கை வேறு, ஓட்டம் வேறு. பயத்தில் துடிக்கிற வால்தானே என்றால், மீன் தனியாக இருக்கும்போதும் அப்படி ஆட வேண்டும். பெரும்பாலும் ஆடுவதில்லை. இறால் வெளியே வந்து தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இந்த வாலாட்டல். 1970களில் இலான் கார்ப்ளஸ் போன்ற ஆய்வாளர்கள் செங்கடலில் கூர்ந்து கவனித்தது இந்த மீசை-வால் பேச்சைத்தான்.

சரி, தோண்டுவதில் மீனுக்குப் பங்கில்லை என்பது உண்மை. ஒளிய இடமில்லாத மணல்வெளியில் அதற்கு ஓசியில் வீடு கிடைக்கிறது. ஆனால் காவலுக்கு மீன் இல்லாவிட்டால் இறால் வெளியே தலைகாட்டுவதே அபூர்வம். வெளியே வராமல் மணலை எங்கே கொட்டும்? இத்தனைக்கும் அது சாதுவும் இல்லை. கொடுக்கைச் சொடுக்கி நீரில் ஒரு குமிழியை உண்டாக்கும், அது உடையும் வேகத்தில் படார் என்று சத்தம் வரும். எதிரி எங்கே இருக்கிறான் என்பதுதான் தெரியாது.

கூலிக்கணக்கில் இன்னொன்றும் உண்டு. சில இடங்களில் மீனின் கழிவை இறால் தின்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதை நட்பில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை உங்களிடமே விடுகிறேன்.