பச்சைப் பாறையில் பழைய சூடு

கேள்வி: பசும்பாறைப் பட்டைகளில் (பழங்காலப் பச்சை நிறப் பாறைகள் நீளமாகக் கிடக்கும் பகுதிகளில்) உள்ள எரிமலைப் பாறைகளுக்கும் இன்றைய எரிமலைக் குழம்புக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: சூடுதான். தென்னாப்பிரிக்காவில் கோமாட்டி ஆற்றுப் பகுதியில் கண்டறியப்பட்டு 1969-இல் கோமாட்டியைட் என்று பெயர் பெற்ற பாறையையே பாருங்கள், வயது சுமார் 350 கோடி ஆண்டு, மக்னீசியம் ஆக்சைடு மட்டும் 18 சதவீதத்துக்கு மேல்! அவ்வளவு மக்னீசியம் வர, பூமியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள கவசப் பகுதி ஏராளமாக உருகியிருக்க வேண்டும். குழம்பு 1,600 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்திருக்கும் என்கிறார்கள், இன்றைய பசால்ட் எரிமலைக் குழம்பு சுமார் 1,200தான். கோமாட்டியைட்டை உடைத்த முகத்தில் புல் இதழ்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டதுபோல ஆலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள் தெரியும், எனக்கு அலுக்காத காட்சி அது. அப்புறம் பாறையின் அந்தப் பச்சை நிறம், பின்னாளில் வெப்பமும் நீரும் உண்டாக்கிய குளோரைட் போன்ற கனிமங்களுடையது. அந்த மாற்றத்தில் சோடியமும் பொட்டாசியமும் இடம்பெயர்ந்துவிடும். அதனால் அசையாத டைட்டானியம், சிர்க்கோனியத்தை வைத்துத்தான் பாறையின் பூர்வீகம் தேடுகிறார்கள்.