பதில்: எங்கள் தெருவே மண்டல விதி மாற்றத்தை எதிர்க்கிறது

தனி வீடுகள் மட்டுமே உள்ள உங்கள் தெருவில் மூன்று மாடிக் குடியிருப்புகளை அனுமதிக்கும் மண்டல விதி (எந்தப் பகுதியில் எத்தகைய கட்டடம் எழலாம் என்ற விதி) மாற்றத்தை ஆதரித்துக் குடியிருப்போர் கூட்டத்தில் பேச எழுந்தபோது, கட்டுமான நிறுவனத்தின் ஆள் என்று சொல்லி உங்களை உட்கார வைத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். வீட்டுத் தட்டுப்பாடு பற்றிய பொது வாதங்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டாம். அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வீடு உள்ளவர்கள், வருங்காலத்தில் குடிவரக்கூடியவர்களோ அந்த அறையில் இருக்கவே மாட்டார்கள்.

எதிர்ப்பைப் பிரித்துப் பாருங்கள். முற்றத்தில் வெயில் விழாது என்று அஞ்சுபவருக்கு, ஆண்டின் மிகக் குறுகிய பகலில் காலை பத்து மணிக்கு மூன்று மாடியின் நிழல் எதுவரை நீளும் என்பதைக் காட்டும் வரைபடத்தைத் திட்ட அலுவலகத்திடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். வாகன நிறுத்தம் பற்றிய புகாருக்கு, இரவு பதினொரு மணிக்குத் தெருவில் நின்று காலியிடங்களை நீங்களே எண்ணுங்கள். கழிவுநீர்க் குழாய் தாங்குமா என்ற கேள்வி மட்டும், என் கருத்தில், முழுக்க நியாயமானது. அதை அவர்களோடு சேர்ந்து நீங்களும் எழுத்துமூலம் கேட்பது நல்லது.

சமரசத்துக்கும் முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 1998இல் மையப் பகுதியில் குறைந்தபட்ச மனை அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 சதுர அடி வரை குறைக்க அனுமதித்தபோது, விரும்பாத தெருக்கள் மனுச் செய்து தங்களிடம் நிலவும் அளவையே தக்கவைத்துக்கொள்ளவும் வழிவிட்டது. கடுமையாக எதிர்த்தவர்கள் விலகிக்கொள்ள, மற்ற இடங்களில் சிறு மனை வீடுகள் ஏராளமாக எழுந்தன. அத்தகைய விலக்கை முதலில் கேட்பது உங்கள் தெருவாகவே இருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டு முன்மொழியுங்கள்.