சீனாவின் குய்லின் விமான நிலையத்தில் இறங்கி, பக்கத்துச் சுற்றுலா ஊரான யாங்ஷுவோ போவது எப்படி? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

டிக்கெட் எடுக்கும்போதே கவனம் தேவை. குய்லினின் விமான நிலையக் குறியீடு கே.டபிள்யூ.எல். பக்கத்து மாகாணமான குய்சோவின் தலைநகர் குய்யாங்குக்கு கே.டபிள்யூ.இ. பெயரும் குறியீடும் ஒன்றுபோலவே இருப்பதால், மலிவு விலையைப் பார்த்த அவசரத்தில் மாற்றி எடுத்துவிட வாய்ப்புண்டு.

மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் இருந்தால் 30 நாள் வரை விசா வேண்டாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுத்தாக வேண்டும். வேறு நாட்டுக்குப் போகும் வழியில் தங்க விடும் 240 மணி நேர விசா இல்லா டிரான்சிட் பட்டியலில் இந்த இரண்டு நாடுகளும் இல்லை.

1996இல் திறந்த குய்லின் விமான நிலையம் லியாங்ஜியாங் என்ற சிற்றூரை ஒட்டி, நகரத்திலிருந்து சுமார் 28 கி.மீ. தள்ளி இருக்கிறது. மெட்ரோ கிடையாது. பேருந்து, டாக்சி, இல்லையென்றால் அலிபே என்ற பணம் செலுத்தும் செயலிக்குள்ளேயே வரும் டிடி வாடகைக் கார் சேவை. நகரத்துக்குப் பேருந்து 20 யுவான் அளவில், டாக்சி 100 யுவானை ஒட்டி ஆகும். வருகைக் கூடத்தில் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுபவர்களைத் தாண்டி, டாக்சி வரிசையில் நின்று மீட்டர் போடச் சொல்லுங்கள்.

யாங்ஷுவோதான் இலக்கு என்றால் நகரத்துக்குள் போய்த் திரும்புவது வீண். நிலையத்திலிருந்தே நேரடிப் பேருந்து உண்டு, சுமார் ஒன்றரை மணி நேரம். விமானம் இரவு இறங்கினால் பேருந்தை நம்ப வேண்டாம். ‘யாங்ஷுவோ’ என்று பெயர் வைத்த அதிவேக ரயில் நிலையம் உண்மையில் இருப்பது சிங்பிங் பக்கம். அங்கிருந்து யாங்ஷுவோ ஊருக்கு இன்னும் 30 கி.மீ. போல மலைச்சாலை. வரைபடத்தில் பெயரைப் பார்த்து ரயில் எடுப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். லி ஆற்றில் கப்பலில் யாங்ஷுவோ போவதாக இருந்தால் மட்டும் முதல் இரவு நகரத்தில் தங்குங்கள். கப்பல் காலையில் கிளம்பும், நாலு மணி நேரப் பயணம்.

கூகுள் மேப்ஸ் சீனாவில் புள்ளியைச் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். அங்குள்ள வரைபடங்களின் ஆயக் கணக்கே வேறு. ஆமேப் என்ற சீன வரைபடச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள், ஹோட்டல் பெயரைச் சீன எழுத்தில் படமாக எடுத்து வையுங்கள். நிலைய வைஃபை பெரும்பாலும் சீன எண்ணுக்குத்தான் கடவுச்சொல் அனுப்பும். அதனால் கிளம்பும் முன்பே இ-சிம் போட்டு, அலிபேயில் கார்டை இணைத்துவிடுங்கள். வெளிநாட்டுக் கார்டில் 200 யுவானைத் தாண்டும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 3% கட்டணம் விழும்.

திரும்பும்போது அதிகம் பறிபோவது பவர் பேங்க். 2025 ஜூன் 28 முதல், சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாததை ஏற்றுவதில்லை. எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்று காட்டும் வாட்-ஹவர் எண் அழிந்து போயிருந்தாலும் சிக்கல். 20,000 எம்.ஏ.எச். என்றால் 3.7 வோல்ட்டில் 74 வாட்-ஹவர்தான், விமானத்தில் அனுமதிக்கும் 100 வாட்-ஹவர் வரம்புக்குள் வந்துவிடும். ஆனால் அந்த எண் அட்டைப்பெட்டியில் இருந்தால் போதாது, பவர் பேங்கின் மேலேயே படிக்கும்படி இருக்க வேண்டும். லைட்டர், தீப்பெட்டி எந்தப் பையிலும் கூடாது. பெரிய பையைக் கவுன்ட்டரில் போட்டதும் ஓடாதீர்கள். ஸ்கேனில் பேட்டரி தெரிந்தால் உங்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள், ஐந்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை மழைக்காலம். இடி மழையில் விமானங்கள் தாமதமாவது அங்கே சாதாரணம். அந்த மாதங்களில் குவாங்சோவில் இணைப்பு விமானம் இருந்தால் இடைவெளியை நாலு மணி நேரமாவது வையுங்கள், அல்லது குவாங்சோ வரை அதிவேக ரயிலில் போய்விடுங்கள். மூன்று மணி நேரம் போலத்தான் ஆகும்.