விலங்கு பூட்டிய கையில் நாடி பார்க்கும்போது

கேள்வி: மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வார்டில் ஒரு சிறைவாசியைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு பூட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். “இருமல் எத்தனை நாளா இருக்கு?” என்று அவரிடம் கேட்டேன். பக்கத்தில் நின்ற காவலர்தான் பதில் சொன்னார். அன்றிலிருந்து மனசே சரியில்லை. நண்பர்கள் சேர்ந்து சிறையில் ஒருநாள் மருத்துவ முகாம் நடத்த நினைக்கிறோம். “குற்றவாளிகளுக்காக நீ ஏன் மெனக்கெடணும்?” என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யட்டும், டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: முதலில் வீட்டுக் கேள்வி. நீதிமன்றம் பறிப்பது ஒருவரின் சுதந்திரத்தை மட்டும்தான். வைத்தியத்தையும் சேர்த்துப் பறிக்கச் சொல்வதில்லை. தீர்ப்பே வராமல் உள்ளே இருக்கும் விசாரணைக் கைதிகளும் உண்டு. சிறைவாசிகளை எப்படி நடத்தவேண்டும் என்று 2015-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 24-வது விதி, வெளியே இருப்பவருக்குக் கிடைக்கும் அதே தரத்தில் உள்ளே இருப்பவருக்கும் சிகிச்சை வேண்டும் என்கிறது. அந்த மண்டேலாவுக்கே 1988-ல், சிறையில் இருந்தபோது காசநோய் வந்தது.

முகாம் வேண்டாம் என்பேன். ரத்த அழுத்தம் பார்த்து நாலு மாத்திரை கொடுத்துவிட்டு நீங்கள் திரும்பிவிடுவீர்கள். அந்த மாத்திரை தீர்ந்ததும் அவர் யாரிடம் போவார்? சிறை மருத்துவரைப் போய்ப் பாருங்கள். அவருக்கு எதில் கை குறைகிறது என்று கேட்டு, மாதாமாதம் அதே முகங்களாகப் போங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் வேலை அதிகம் தேவைப்படும் இடம் சிறை வாசல்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007-ல் ஓர் ஆய்வு வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 12 மடங்குக்கும் மேல்! முக்கியக் காரணம் போதைமருந்து. உள்ளே இருந்த காலத்தில் உடம்பு தாங்கும் சக்தி குறைந்திருக்கும். வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். காசநோய்க்காரர் என்றால் வேறு சிக்கல். ஆறு மாத மருந்தில் மூன்றாம் மாதம் விடுதலையாகி, அடுத்து எங்கே வாங்குவது என்று தெரியாமல் விட்டுவிடுவார். கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். என்ன நோய், என்ன மருந்து, எப்போது தொடங்கியது, அடுத்து எங்கே, எந்தத் தேதியில் போகவேண்டும் – இவ்வளவும் எழுதிய ஒரு தாளை அவர் கையில் கொடுத்து, அந்தத் தேதியில் வந்தாரா என்று விசாரிப்பதை மாணவர்களே செய்யலாம்.

அப்புறம், “என்ன கேஸ்?” என்று கேட்காதீர்கள். ஆரம்பத்தில் நானும் கேட்டிருக்கிறேன். வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குமேல் பேசவே இல்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

காவலரை, நோயாளி கண்ணில் படும், ஆனால் பேச்சு காதில் விழாத தூரத்தில் நிற்கச் சொல்லும்படி உங்கள் மூத்த மருத்துவரிடம் கேளுங்கள். பரிசோதனை முடியும்வரை விலங்கைக் கழற்ற முடியுமா என்றும் கேட்கச் சொல்லுங்கள். மணிக்கட்டுத் தோல் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். காயம் இருந்தால் எந்த இடம், எவ்வளவு நீளம், என்ன நிறம், எப்படி வந்தது என்று அவர் சொன்னதை அப்படியே குறிப்பில் எழுதுங்கள். நீங்களே போய்ச் சண்டை போடாதீர்கள். காவலரின் கோபம் கடைசியில் அந்த நோயாளி மேல்தான் இறங்கும். மூத்த மருத்துவர் வழியாகவே போங்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. அந்த இருமல்காரருக்குச் சளிப் பரிசோதனை செய்தார்களா? அவர் திரும்பிப் போவது நெரிசலான அறைக்கு. நாளைக் காலை வார்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைப் பாருங்கள்.